ஹவுஸ் ஓனர் நாய் கடித்தது: பத்தாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அயனாவரத்தில் கீழ் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் ஹவுஸ் ஓனர். ஆறு நாள் முன்பு சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வரும்போது, அவர்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டை வேலைக்காரப் பையன் வெளியே கூட்டிக்கொண்டு போனான். அவன் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்து அம்மாவின் வலது கையை நாய் கடித்துவிட்டது. நல்ல ஆழமான காயம். ஓனரின் மைத்துனர்தான் காரில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஓபி சீட்டில் ‘தெரு நாய்’ என்று எழுதியிருப்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். ஓனர் 2,000 ரூபாய் ஜிபே பண்ணினார். நேற்று ஒரு பேப்பரைக் கொண்டுவந்து, ‘10,000 ரூபாய் பெற்றுக்கொண்டோம், இனி எந்தப் புகாரும் கொடுக்க மாட்டோம், எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதியதில் கையெழுத்து கேட்கிறார். போலீசுக்குப் போனால் வீட்டைக் காலி பண்ணணுமாம். நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு, அம்மாவுக்கு இரண்டு ஊசி போதும் என்கிறார். இதே நாய் போன வருஷம் பேப்பர் போடும் பையனையும் கடித்தது. அம்மா இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிறார், இப்போது கரண்டியே பிடிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். இதுதான் முதல் பதில், மற்றதெல்லாம் அப்புறம்.

ஊசி விஷயத்தை மட்டும் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டேன், படிக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதால் கடிபட்டவருக்கு ஊசி வேண்டாம் என்று ஆகாது. அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையில் என்றால் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். ரத்தம் வந்த ஆழமான கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றியே சீரம் ஊசி, அதாவது இம்யூனோகுளோபுலின், போட்டாக வேண்டும். முதல் நாள் அது விடுபட்டிருந்தால் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம், அதன் பிறகு அதனால் பயனில்லை. நாயை 10 நாள் கண்காணித்து, அது நன்றாக இருந்தால் மீதி ஊசியை என்ன செய்வது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஹவுஸ் ஓனர் முடிவு செய்யக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வழக்கைப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊசி.

இப்போது அந்தப் பேப்பருக்கு வருவோம். அதில் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கலந்து எழுதியிருக்கிறார்கள். போலீஸ் புகாரே கொடுக்க மாட்டேன் என்று பணம் கொடுத்து எழுதி வாங்குவது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி பொது நலனுக்கு எதிரானது, அது செல்லாது. அதனால் கையெழுத்துப் போட்டாலும் புகார் கொடுக்கத் தடையில்லை. ஆனால் ‘எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வரி ஆபத்தானது. நாளை நஷ்ட ஈடு கேட்டுப் போனால், ‘முழுசா செட்டில் ஆயிடுச்சு, இதோ கையெழுத்து’ என்று அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். அம்மாவின் கை சரியாக எத்தனை வாரம் ஆகும், விரல் முன்போல மடங்குமா, தழும்பு எப்படி நிற்கும் என்று இன்றைக்கு டாக்டராலேயே சொல்ல முடியாது. அளவு தெரியாத கடனுக்கு வரவு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பணம் அவசரமாகத் தேவை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ரசீதை நீங்கள் எழுதுங்கள்: ‘உங்கள் வளர்ப்பு நாய் கடித்ததற்கான மருத்துவச் செலவுக்காக, முன்பணமாக மட்டும் பெற்றுக்கொண்டேன்’. அதை அவர் வாங்க மறுத்தால் அவர் நோக்கம் என்ன என்பது உங்களுக்கே புரிந்துவிடும். முடிந்தால் இதையும் ஜிபேயிலேயே அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்த 2,000 ரூபாய் பதிவு உங்கள் கையில் உள்ள நல்ல சாட்சி, தெரு நாய் கடித்ததற்கு ஹவுஸ் ஓனர் எதற்குப் பணம் அனுப்பினார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.

‘தெரு நாய்’ என்று எழுதப்பட்டதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளர்ப்பு நாய் வழக்குகள் பலவீனமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கேஷுவாலிட்டியில் டாக்டர் எதையும் விசாரிப்பதில்லை, கூட வந்தவர் சொல்வதை எழுதிக்கொள்வார். கூட வந்தவர் நாய்க்காரரின் மைத்துனர்! வளர்ப்பு நாய் என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் போகலாம், தெரு நாய் என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேண்டுமென்றே சொன்னாரா, பதற்றத்தில் சொன்னாரா என்பது நமக்கு வேண்டாம். அடுத்த ஊசிக்குப் போகும்போது டியூட்டி டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, அன்றைய சீட்டில் ‘வீட்டு உரிமையாளரின் வளர்ப்பு நாய் கடித்ததாக நோயாளி கூறுகிறார்’ என்று எழுதச் சொல்லுங்கள். பழைய பதிவை அடித்துத் திருத்த மாட்டார்கள், திருத்தவும் கூடாது. ஆனால் நோயாளியே சொன்ன பதிவு ஒன்று தேதியோடு சேர்ந்துவிடும். கூடவே ஆர்.எம்.ஓ.வுக்கு, அதாவது ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அலுவலருக்கு, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.ஆர். காப்பி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகல்தான் அது, பின்னால் போலீஸ் கேட்கும் காயச் சான்றிதழ் அதை வைத்துத்தான் வரும்.

இன்னொரு அவசரம், சிசிடிவி. எதிர் வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ கேமரா இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள், பல இடங்களில் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய காட்சி அழிந்து புதியது ஏறிவிடும். பென் டிரைவில் வாங்கும்போது கேமரா வைத்திருப்பவரின் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கோர்ட்டில் காட்ட பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் அவர் கையெழுத்துத் தேவைப்படும். காயத்தைத் தினமும் கட்டு மாற்றும்போது போட்டோ எடுங்கள். ரத்தம் பட்ட புடவையைத் துவைத்திருந்தாலும் கிழிசல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

போலீசுக்குப் போகலாமா என்றால், போங்கள் என்பதுதான் என் கருத்து. பழிவாங்க இல்லை. எஃப்ஐஆர் இல்லாமல் நஷ்ட ஈடு கேட்டால் ‘எங்கள் நாயே இல்லை’ என்ற வாதத்தோடு ஆரம்பத்திலிருந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. தன் வசம் உள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் போதிய கவனம் எடுக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய ஐபிசியில் இது 289, அபராதம் ஆயிரம்தான் இருந்தது. இதோடு 125-வது பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். அஜாக்கிரதையால் சாதாரணக் காயம் என்றால் 6 மாதம் வரை, கொடுங்காயம் என்றால் 3 வருடம் வரை தண்டனை. இங்கே அம்மாவின் வேலை முக்கியமாகிறது. எலும்பு முறிவு இருந்தால்தான் கொடுங்காயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 116-வது பிரிவின்படி 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் 20 நாளாக இருந்தது. அதனால் 15 நாள் தாண்டியதும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், இன்னும் கையை வைத்து வேலை செய்ய முடியவில்லை என்பதை சீட்டில் பதிய வையுங்கள்.

புகாரை அம்மா பெயரில் கொடுங்கள். எழுத வராவிட்டால் வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நாய் யாருடையது, யார் பிடித்திருந்தார், வாய்ப்பூட்டு இருந்ததா, போன வருஷம் யாரைக் கடித்தது, ஆஸ்பத்திரியில் தெரு நாய் என்று சொன்னது யார், எல்லாம் இருக்கட்டும். அந்த வேலைக்காரப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நாய் அவன் கையிலதான் இருந்தது’ என்று பழியை அவன் தலையில் கட்டத்தான் ஓனர் பார்ப்பார். பிரிவில் ‘வசம்’ என்ற சொல் இருப்பதால் அப்படித் தப்பிக்க முயற்சி செய்வார்கள். ஏற்கெனவே கடித்த நாய் என்று தெரிந்தும், அடக்கத் தெரியாத பையனிடம் வாய்ப்பூட்டு இல்லாமல் கொடுத்து அனுப்பியது உரிமையாளரின் கவனக்குறைவு என்று புகாரிலேயே தெளிவாக எழுதுங்கள்.

ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டு, கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்ஐஆர் அல்ல. 291 பிடியாணை இல்லாமலே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட தகவல் வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. போடவில்லை என்றால் துணை ஆணையருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள், அங்கேயும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசம். விசாரணை என்று அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அலைய விடவும் முடியாது, பெண்ணை சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், ஓனர் அன்றே வெளியே வந்துவிடுவார். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறியபோது உரிமையாளர் கைதானார், ஊரே பேசியது. எல்லா வழக்கிலும் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். அவரை உள்ளே தள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான், நடந்தது சட்டப்படி பதிவாக வேண்டும் என்ற எண்ணத்தோடு போங்கள்.

சரி, பணம். நாய்க்கடிக்கு இவ்வளவு என்று தமிழ்நாட்டில் அட்டவணை எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் ‘ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய்’ என்று சுற்றுகிறதே, அது பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. தெருவில் திரியும் பிராணிகளால் அந்த மாநிலங்களில் அடிபட்டவர்களுக்கு அரசு கொடுக்க வேண்டிய தொகை அது. அதைக் காட்டி உங்கள் ஓனரிடம் பல் எண்ணிப் பணம் கேட்க முடியாது. வளர்ப்பு நாய் என்றால் கவனக்குறைவுக்கான சிவில் நஷ்ட ஈடு, நடந்த இழப்பை நாம் நிரூபிக்க வேண்டும். மருந்து, ஆட்டோ, கட்டு மாற்றிய செலவு, அம்மா இழந்த சம்பளம், வலி, தழும்பு, கை முன்போல இயங்காவிட்டால் அதற்கும் சேர்த்து. இதில் அந்தப் பேப்பர் போடும் பையன் உங்களுக்குப் பெரிய பலம். இது கடிக்கும் நாய் என்று உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்பதைக் காட்ட முடிந்தால் ‘எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் தொட்டதில்லை’ என்ற வழக்கமான வசனம் எடுபடாது. அவனையோ அவன் அப்பாவையோ தேடிப் பிடித்து, சாட்சி சொல்லத் தயாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, அதனால் வருமான இழப்பை விட்டுவிடுவார்கள். விட வேண்டாம். அம்மா வேலை செய்யும் இரண்டு வீட்டிலும் மாதம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து வரவில்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள், நல்லவர்களாக இருந்தால் கொடுப்பார்கள். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் ஆறு மாத ஸ்டேட்மென்ட் போதும். இடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்றால் அதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள், அப்போது போனது சில வாரச் சம்பளம் மட்டுமல்ல, வேலையே.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் நேரே சிவில் கேஸ் போடச் சொல்ல மாட்டேன். எஃப்ஐஆர் ஆன பிறகு, சிகிச்சை ஓரளவு முடிந்து கணக்குத் தெரிந்ததும், முதலில் வக்கீல் நோட்டீஸ். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி டெலிவரி அத்தாட்சியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச வக்கீல் உண்டு, 1987-ம் வருடச் சட்டத்தின் 12-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். கேஸ் போடுவதற்கு முன்பாகவே லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், கோர்ட் ஃபீஸ் கிடையாது. அங்கே ஒப்புக்கொண்ட தொகை சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீலும் இல்லை. ஓனர் சமாதானம்தான் விரும்புகிறார் என்றால் அந்தச் சமாதானத்தைப் பண்ண வேண்டிய இடம் அதுதான், மாடிப்படியில் வெள்ளைப் பேப்பரில் அல்ல. அதற்கும் அவர் வரவில்லை என்றால் சிட்டி சிவில் கோர்ட், கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், கட்ட வசதியில்லை என்றால் அதற்கும் மனு போடலாம். பொதுவாக 3 வருடம் அவகாசம் இருக்கிறது, ஆனால் சாட்சிகள் அதுவரை அதே தெருவில் இருக்க மாட்டார்கள்.

மாநகராட்சிக்கும் 1913 என்ற எண்ணில் ஒரு புகார் போடுங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். இந்த நாய்க்கு உரிமம் இருக்கிறதா, வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று எந்தத் தேதி என்று அவர்கள் கேட்கட்டும், நீங்கள் கேட்டால் சண்டைதான் வரும். உரிமம் இல்லை என்று தெரிந்தால் அது சிவில் வழக்கிலும் உதவும். நாயை என்ன செய்வார்கள் என்ற கவலையோ ஆசையோ இருந்தால், கடித்ததற்காக மட்டும் அதைக் கொன்றுவிட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ‘பிஸ்கட்டில் மருந்து வச்சிடலாம்’ என்று யோசனை சொன்னால் வாயைத் திறக்காமல் நகர்ந்துவிடுங்கள். பிராணியைக் கொல்வது அதே நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 வருடம் வரை சிறைக்குரிய குற்றம், நாய் கடித்த வழக்கை விடப் பெரிய வழக்கு உங்கள் மேல் வரும்.

கடைசியாக வீடு. உங்களுக்கு உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன். புகார் கொடுத்ததற்காகக் காலி பண்ணு என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் 2017-ம் வருட வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தின் உத்தரவில்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது, தண்ணீர், கரண்ட்டை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் அதற்கே தனியாக மனு போடலாம். ஆனால் உங்கள் பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தம் எழுதாமல் வாய்ப்பேச்சில் குடியிருக்கிறீர்கள் என்றால், ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். வாடகையை நிறுத்திவிடாதீர்கள், ‘அம்மாவுக்குச் சம்பளம் இல்ல, நாய்க்கடிக்குக் கழிச்சுக்கோங்க’ என்று கணக்கு நேர் செய்யவும் வேண்டாம், இரண்டு மாத பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்ல அவருக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு இந்த மாதத்திலிருந்து ஜிபேயிலோ வங்கியிலோ ‘வாடகை’ என்று மாதத்தின் பெயரோடு போட்டு அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்குச் சீட்டு இல்லையென்றால், ‘நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் இவ்வளவு’ என்று சாதாரணமாக ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு அவரிடமிருந்து ஒரு ‘ஓகே’ வாங்கிவிடுங்கள், ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பாகவே.